பெரிய கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை: உள்ளே போனால் என்ன கிடைக்கும்?

வேம்புநிழல்:

அனைவருக்கும் வணக்கம். பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) இறுதியாண்டின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். நடைமுறைப் பயிற்சியை மதுரையில் ஆறேழு பேர் மட்டுமே இருந்த ஓர் அலுவலகத்தில் செய்தேன். காலையில் ஒரு வீட்டின் முகப்பை வரைவது, மதியம் சைட்டில் கம்பி கட்டியிருப்பதைச் சரிபார்ப்பது, மாலையில் பூஜையறை ஏன் வடகிழக்கில் வரவில்லை என்று வீட்டுக்காரரின் மாமியாருக்கு விளக்குவது என எல்லாமே அங்கே என் வேலையாக இருந்தது. இப்போது பெங்களூரில் பல நூறு பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அலுவலகக் கோபுரங்கள், மருத்துவமனைகள், விமான நிலையங்கள் ஆகியவற்றைச் செய்பவர்கள்.

சீனியர்களைக் கேட்டால் ஒருவர், "அங்கே போனால் ஐந்து வருடம் கழிப்பறை மட்டும்தான் வரைவாய்" என்கிறார். இன்னொருவர், "அங்கே போகாவிட்டால் தொழிலே தெரியாமல் போய்விடும்" என்கிறார். இருவருமே தம் அனுபவத்திலிருந்து பேசுவதாகத்தான் தெரிகிறது. வடிவமைக்கும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு கிடைக்கும், வேலை நேரம் எப்படி இருக்கும், பிற்காலத்தில் தனியாகத் தொழில் தொடங்க அது உதவுமா என்பதை அங்கே இருந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான்காம்தளம்:

தம்பி, உங்கள் சீனியர்கள் இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு வெவ்வேறு மேசைகளிலிருந்து அவர்கள் பேசுகிறார்கள். நான் இத்தகைய ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே சேர்பவர் என்ன கற்பார் என்பதை நிறுவனத்தின் பெயரோ அவருடைய திறமையோ பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. அவர் சேரும் நாளில் எந்தத் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதில் யாருக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

ஒரு பெரிய மருத்துவமனையின் வரைபடங்கள் கருத்துரு, ஸ்கீமேட்டிக் (முதல்நிலை வரைவு), டிசைன் டெவலப்மென்ட் (விரிவான வடிவமைப்பு), டெண்டர் (ஒப்பந்தப்புள்ளி), ஜிஎஃப்சி (கட்டுவதற்கென்று வெளியிடும் இறுதி வரைபடம்) என்று படிப்படியாக நகர்கின்றன. அதன் பிறகு கட்டுமானம் முடியும்வரை கட்டுமானத் தளத்திலிருந்து வரும் ஆர்எஃப்ஐ (விளக்கம் கோரும்) கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பயணம் பல ஆண்டுகள் நீளும். கருத்துருக் குழுவில் சேர்ந்தவர் போட்டிகளுக்கும் முன்மொழிவுகளுக்கும் இரவு பகலாக உருவங்களைச் செய்வார். கையில் அழகான போர்ட்ஃபோலியோ சேரும். அவற்றில் ஒன்றுகூடக் கட்டப்படாமலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடலாம். ஜிஎஃப்சி கட்டத்தில் சேர்ந்தவருக்கோ கட்டடத்தின் உருவத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே மிச்சம் இருக்காது, ஆனால் அவர் வரைந்த கோடு அடுத்த மாதமே கான்கிரீட்டாக நிற்கும். கழிப்பறை வரையும் சீனியர் இந்த இரண்டாம் வகை.

அந்தக் கழிப்பறை வேலையைக் கேலி செய்பவர்களுக்காக அதன் பக்கத்தில் இருக்கும் ஒரு கதவை மட்டும் விளக்குகிறேன். உயர்ந்த கட்டடத்தில் தீத்தப்பு மாடிப்படிக்குப் போகும் கதவு அது. 120 நிமிடம் தீயைத் தாங்கும் கதவாக இருக்க வேண்டும். வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். திறந்து நிற்கும்போது படித்தளத்தின் அகலத்தைக் குறைத்துவிடக் கூடாது. இவை கட்டட விதித்தொகுப்பில் இருப்பவை. இவற்றோடு, வாடகைக்கு வரும் நிறுவனம் அந்தக் கதவில் அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் பூட்டு கேட்கும். தீ எச்சரிக்கை அடித்தவுடன் அந்தப் பூட்டு தானாக விடுபட வேண்டும். அதற்கான ஒயர் கதவுச் சட்டத்துக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மின்பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், பூசி முடித்த சுவரை உடைத்துத்தான் ஒயரை இழுக்க வேண்டியிருக்கும். சட்டத்தின் ஆழம் பிளாக் சுவரின் கனத்தோடும் இரண்டு பக்கப் பூச்சோடும் ஒத்துவர வேண்டும். இவ்வளவும் கதவுப் பட்டியலில் ஒரே ஒரு வரி. அப்படி ஒரு கோபுரத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகள் உண்டு. அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகத் தம் கையால் முடித்தவருக்கு, ஒரு கட்டடத்தில் எத்தனை பேருடைய வேலை ஒரு புள்ளியில் வந்து மோதுகிறது என்பது புரிந்துவிடும். இரண்டாவது முறையும் கொஞ்சம் கற்கலாம். அடுத்தடுத்த கோபுரங்களுக்கும் அதையே கொடுத்தால், நீங்கள் கதவு நிபுணராக்கப்படுகிறீர்கள் என்று பொருள். அப்போது வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரெவிட் என்ற வரைபட மென்பொருளில் எல்லோரும் ஒரே சென்ட்ரல் மாடலில் (பொது மாதிரியில்) வேலை செய்வோம். அவரவர் பிரதியில் வரைந்து அவ்வப்போது அதைப் பொது மாடலோடு சிங்க் (ஒத்திசைவு) செய்ய வேண்டும். நாளை காலை வரைபடங்கள் வெளியே போகின்றன என்றால், முந்தைய நாள் மாலையில் இருபது பேர் ஒரே நேரத்தில் சிங்க் செய்ய, எல்லோருடைய திரையும் உறைந்துபோய், பாதிப் பேர் டீக் கடைக்கு இறங்கிவிடுவார்கள். ஒருவர் தாம் திருத்திக்கொண்டிருந்த சுவரை விடுவிக்காமல் விடுப்பில் போய்விட்டால், அந்தச் சுவரை வேறு யாரும் தொட முடியாது. ஊரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போன் போட்டு, "சுவர் உங்கள் பெயரில் இருக்கிறது" என்று கெஞ்சியதெல்லாம் நடந்திருக்கிறது.

முற்றம்வைத்தவீடு:

மேலே எழுதியவர் கதவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் தஞ்சாவூரில் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். பெரிய நிறுவனத்திலிருந்து என்னிடம் வந்து சேர்ந்த ஒருவர், நான் பார்த்தவற்றிலேயே மிகச் சுத்தமான வரைபடங்களைப் போட்டார். ஆனால் கட்டணத்தை எத்தனை தவணையாகப் பிரிப்பது, ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பில்லில் சதுர அடிக் கணக்கு எங்கே ஊதப்பட்டிருக்கிறது, ஊரக வளர்ச்சி மற்றும் நகரமைப்பு அலுவலகங்களில் ஒரு கோப்பு எந்த மேசையில் ஏன் நிற்கிறது என்ற எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவருடைய குறையன்று; அங்கே அவற்றுக்கெல்லாம் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள், இவர் கண்ணில் அவை படவே இல்லை.

தனியாகத் தொழில் தொடங்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்தொழிலில் வரைவது ஒரு பங்குதான். மீதி, பணம் கேட்பதும், கொத்தனாரிடம் அவருக்குப் புரியும்படி பேசுவதும், வீட்டுக்காரர் மனம் மாறும்போது பொறுமை இழக்காமல் இருப்பதும். நீங்கள் மதுரையில் மாமியாருக்குப் பூஜையறையை விளக்கினீர்களே, அந்தப் பயிற்சியை எந்தப் பெரிய நிறுவனமும் தராது.

தூணும்உத்தரமும்:

நான் கட்டமைப்புப் பொறியாளர். இத்தகைய நிறுவனங்களோடு வெளியாளாக வேலை செய்பவன். எங்கள் மேசையிலிருந்து பார்த்தால், பெரிய நிறுவனத்தில் இளம் ஆர்க்கிடெக்ட் செய்யும் முக்கிய வேலை ஒருங்கிணைப்புதான். ஓர் அலுவலகக் கோபுரத்தில் தளத்துக்குத் தளம் 3.9 மீட்டர் என்று முடிவாகியிருக்கிறது என்று வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் 2.7 மீட்டரில் வர வேண்டும் என்றால் மேலே மிஞ்சுவது 1.2 மீட்டர். அதில் ஸ்லாபும் உத்தரமும் சேர்ந்து 600 மில்லிமீட்டர், குளிரூட்டிக் குழாய் 450, விளக்குக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் 150 என்று போட்டால் கணக்கு முடிந்துவிட்டது, ஒரு விரல்கூட மிச்சமில்லை. நான் ஓர் உத்தரத்தை 100 மில்லிமீட்டர் ஆழமாக்கினால் அந்த இளைஞருடைய வாரம் போய்விடும்: குளிரூட்டிப் பொறியாளரைக் குழாயைத் தட்டையாக்கச் சொல்வார், அவர் மறுப்பார், என்னிடம் திரும்பி வருவார், மோதல் சரிபார்ப்புக் கூட்டத்தில் மூவரும் உட்காருவோம். இந்தக் கூட்டங்களில் பேசக் கற்றவர்கள் பிற்காலத்தில் எங்கே போனாலும் நிற்கிறார்கள்.

அதனால் நேர்முகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: பொறியாளர்கள் அதே அலுவலகத்தில் இருக்கிறார்களா, வெளி ஆலோசகர்களா? சில நிறுவனங்கள் இரு துறையையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வளர்ந்தவை. 1936-இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட எஸ்ஓஎம் (ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் & மெரில்) நிறுவனம் அதற்குப் பெயர்போனது. டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கானும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் அங்கே சேர்ந்து வேலை செய்ததால்தான் சிகாகோவின் ஜான் ஹேன்காக் கோபுரத்தின் குறுக்குச் சட்டங்கள் வெளியே தெரியும்படி முகப்பாகவே நின்றன. 1970-களில் எழுந்த 110 மாடி சியர்ஸ் கோபுரம் ஒன்பது குழாய்களை (குழாய் போன்ற உயர்ந்த சட்டகங்களை) ஒன்றாகக் கட்டிவைத்த அமைப்பாகப் பிறந்தது. உருவத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும்போதே பொறியாளர் அந்த அறையில் இருந்தால் கிடைக்கும் கல்வி, முடிந்த உருவத்துக்கு மின்னஞ்சலில் கம்பிக் கணக்குக் கேட்கும்போது கிடைப்பதில்லை.

சிங்கைவாசி:

சென்னையில் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இங்கே நிலைமை சற்று வேறு, ஆனாலும் உங்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, ஒழுங்குமுறை. 2013-லேயே 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலை வரைபடங்களைப் பிம் (கட்டடத்தின் விவரங்கள் அடங்கிய முப்பரிமாணக் கணினி) மாடலாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்று இங்கே கட்டாயமாக்கினார்கள். 2015-இல் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது. ஆகவே மாடல் செய்யத் தெரிவது இங்கே தனித் திறமையாகவே கருதப்படுவதில்லை. பேனா பிடிக்கத் தெரிவது போலத்தான். நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம், தீப் பாதுகாப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை என ஒவ்வோர் அமைப்பின் விதிகளுக்கும் வரைபடம் ஒத்துவர வேண்டும். என் நிறுவனத்தில் விதிகளை மட்டுமே தலைகீழாக அறிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அருகே எனக்கு இடம் கிடைத்ததைத்தான் நான் இங்கே பெற்ற பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

இரண்டாவது, பெயரும் கையொப்பமும். சிங்கப்பூரில் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு செய்யாதவர், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது. திட்டத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர் ஒருவர். அவருக்குக் கீழே அசோசியேட், சீனியர் டிசைனர், டிசைனர் என்று ஏணிப்படிகள் நீள்கின்றன. இந்தியாவிலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டப்பெயரைக் கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர்களுக்கே உரியதாக வைத்திருக்கிறது. பட்டம் கையில் வந்தவுடன் முதல் வேலையாகப் பதிவைச் செய்துவிடுங்கள். பெரிய நிறுவனத்தில் வேறொருவருடைய பதிவின் நிழலில் வேலை நடப்பதால் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் பலரைப் பார்க்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் பெங்களூர் என்று சொன்னதால் கேட்கிறேன். அந்த அலுவலகம் தனக்கென்று வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறதா, அல்லது வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாடலும் வரைபடமும் தயாரித்துக் கொடுக்கும் இடமா? இரண்டும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இருக்கலாம். லண்டன் அலுவலகத்துக்கு வேலை செய்வதானால் அவர்களுடைய காலை 9 மணி என்பது உங்களுக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30, கூட்டங்கள் எல்லாம் மாலையிலும் இரவிலும் விழும். அத்தகைய இடத்தில் வரைபட ஒழுங்கை மிக நன்றாகக் கற்கலாம். கட்டடத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அரிது.

மாடிவீட்டுஜன்னல்:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்தில் வேலை உங்களுடையதாக இருந்தாலும் பெயர் உங்களுடையதாக இருக்காது. இதை முதல் நாளே தெரிந்துகொண்டு போவது நல்லது.

மேலே எஸ்ஓஎம் பேச்சு வந்ததால் அங்கிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். நடாலி டி புளோயி 1944-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்தவர். நியூயார்க்கில் 1952-இல் திறக்கப்பட்ட லீவர் ஹவுஸ், பின்னர் பெப்சி-கோலா தலைமையகம், யூனியன் கார்பைடு கோபுரம் ஆகியவற்றின் வடிவமைப்பில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. உலகம் அறிந்த பெயரோ அங்கே பங்காளியாக இருந்த கோர்டன் பன்ஷாஃப்ட். 1988-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவரும் அவரே. டி புளோயி 1964-இல் அசோசியேட் பார்ட்னர் ஆனார், 1974-இல் வெளியேறினார். முழுப் பங்காளி ஆகவே இல்லை. அவருடைய பங்கு பரவலாகப் பேசப்பட்டது வெகுகாலம் கழித்துத்தான். பன்ஷாஃப்டின் திறமையை இதனால் யாரும் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. நூறு பேர் செய்யும் வேலைக்கு ஒரு பெயர் வைக்கும் ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதுதான் செய்தி.

நான் இருந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. குழந்தை பிறந்து திரும்பியபோது, நான் வளர்த்த திட்டம் வேறு குழுவிடம் போயிருந்தது. எனக்குக் கிடைத்தது வரைபடத் தாள்களின் எண்களையும் திருத்தக் குறிகளையும் சரிபார்க்கும் வேலை. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. "மாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவருக்கு இது வசதியாக இருக்கும்" என்று அன்போடுதான் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்; அந்த அலுவலகத்தின் கீழ்த்தளத்திலும் அப்படித்தான் இருந்தது; கண்ணாடி அறைகளில் மட்டும் கணக்கு மாறியது.

வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைபடங்கள் வெளியே போகும் வாரங்களில் இரவு வெகுநேரம் ஆகும், அதற்குத் தனி ஊதியம் எங்கள் இடத்தில் இருந்ததில்லை, தொடக்கச் சம்பளமும் உங்களோடு பள்ளியில் படித்து மென்பொருளுக்குப் போனவர்களுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று இது. 2021 டிசம்பரில் நியூயார்க்கின் ஷாப் ஆர்க்கிடெக்ட்ஸ் ஊழியர்கள் நீண்ட வேலை நேரத்தையும் ஊதியத்தையும் முன்வைத்துத் தொழிற்சங்கம் அமைக்க மனுச் செய்தார்கள். சில வாரங்களிலேயே அந்த மனுவைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் அதே நகரின் பெர்ன்ஹைமர் என்ற சிறிய நிறுவனம் தன் ஊழியர் சங்கத்தைத் தானாகவே அங்கீகரித்தது. பெரிய இடத்தில் முடியாதது சிறிய இடத்தில் முடிந்தது என்பதை முற்றம்வைத்தவீடு ஐயா கவனிக்க வேண்டும். அவருடைய அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு விளக்கு அணைகிறதா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

முற்றம்வைத்தவீடு:

கேள்வி நியாயமானது, அம்மா. எங்கள் அலுவலகத்தில் விளக்கு ஆறு மணிக்கு அணைவதில்லை. ஆனால் யாருடைய திட்டமும் அவர் விடுப்பில் இருக்கும்போது கைமாறியதில்லை. கைமாற்றிக் கொடுக்க வேறு ஆள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேம்புநிழல்:

எல்லோருக்கும் நன்றி. நேர்முகம் முடிந்தது. நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். அந்த அலுவலகத்துக்குச் சொந்த வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கட்டமைப்புப் பொறியாளர்கள் வெளி ஆலோசகர்கள். என்னைச் சேர்க்க நினைப்பது டெண்டர் வரைபடம் நடந்துகொண்டிருக்கும் ஒரு மருத்துவமனையில். ஜிஎஃப்சி முடிந்ததும் தளத்துக்கு அனுப்புவீர்களா என்று கேட்டபோது, "திட்டத்தின் தேவையைப் பொறுத்து" என்றார்கள். எந்தக் குழுத் தலைவருக்குக் கீழே என்று கேட்டேன். அவரையே அழைத்து வந்தார்கள். அவர் என் மதுரை வீட்டு வரைபடத்தில் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, படிக்குக் கீழே தலை இடிக்காதா என்று மட்டும் கேட்டார். வெட்டுத்தோற்றத்தை எடுத்து 2.2 மீட்டர் இருப்பதைக் காட்டினேன்.

நான்காம்தளம்:

போர்ட்ஃபோலியோவின் அட்டைப் படத்தைத் தாண்டி மாடிப்படியின் கீழே பார்ப்பவருக்குக் கீழே வேலை கிடைத்தால் சேருங்கள். டெண்டர் கட்டமும் மோசமில்லை. மருத்துவமனையின் அறைகள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும், ஆனால் அறுவைச் சிகிச்சை அரங்கின் சீலிங், மருத்துவ வாயுக் குழாய்கள், எம்ஆர்ஐ அறையின் கவசம் ஆகியவை இன்னும் விவாதத்தில் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "திட்டத்தின் தேவையைப் பொறுத்து" என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் "நீங்கள் மறந்துவிட்டால் நாங்களும் மறந்துவிடுவோம்" என்று பொருள். அதனால் சேரும் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே, கட்டுமானக் காலத்தில் தளப் பொறுப்பு வேண்டும் என்ற விருப்பத்தை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் அதே வரியைக் காட்டிக் கேட்கலாம். முதல் தளம் வார்க்கும்வரை அங்கே அனுப்பவில்லை என்றால் வேறு குழுவுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் தஞ்சாவூருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.